வடிகட்டாத பதிப்பு

செவ்வாய்க் கோளில் நேரடிக் கச்சேரி ஆல்பம் வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் கேட்பது "எந்த சீட்?" என்றுதான். ராக் ரசிகர்கள் அத்தனை பேர் காதிலும் ஒரு செவிச்சில்லு உண்டு. அரங்கில் அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே அது பதிந்துகொள்ளும். ஐயாயிரம் பேர் வந்தால் ஐயாயிரம் ஆல்பங்கள். டிரம்ஸ் பக்கத்து சீட்தான் உசத்தி என்று ஒரு கூட்டம், இல்லை பால்கனிதான் என்று இன்னொரு கூட்டம். இந்தச் சண்டையில் நின்றுபோன கல்யாணங்கள்கூட உண்டு.

செவ்வந்திக்குப் பிடித்தது அவளுடைய சொந்த சீட்தான். 'எரிகல்' குழு மூன்றாம் குவிமாடத்தில் வாசித்த அன்று, கணவன் மகிழ்நனோடு போய்ப் பதிந்தது. நெஞ்சுக்குள் இறங்கும் பாஸ் கிடார். ஓர் இருமல்கூட இல்லாத சுத்தம். தோழிகள் இரவல் வாங்கிப் போவார்கள்.

கச்சேரி முடிந்த அடுத்த வாரம், துருவத்துப் பனிச்சுரங்கத்தில் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றான் மகிழ்நன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள்.

"கேட்டேனே. நீதானே தலையாட்டின?"

"பொய் சொல்லாத. எப்ப கேட்ட?"

அவன் பெட்டியை அடுக்கத் தொடங்கினான். அவள் வழியனுப்பப் போகவில்லை. துருவத்திலிருந்து வந்த அழைப்புகளில் பாதியை எடுக்கவில்லை, எடுத்தபோதெல்லாம் சண்டை. குளிர் தொடங்கியதும் சுரங்கத்தின் கூரை இறங்கியது. அவன் உடலைக்கூட மீட்க முடியவில்லை.

இறந்தவர் பதிவுக்கடையில் சேமித்துவைத்த செவிப்பதிவுகள் ஓராண்டு கழித்து வாழ்க்கைத்துணைக்கு வந்து சேரும் என்பது அங்கே சட்டம். பதிவுக்கடை பர்னபாஸ் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மகிழ்நன் விட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான்: அதே கச்சேரி, பக்கத்து சீட்.

கடையின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து கேட்டாள். மோசமான பதிவு. விசில், இருமல், யாரோ ஒருவரின் ஓயாத சிரிப்பு. நான்காவது பாட்டு தொடங்கும்போது, மிக அருகில், அவன் குரல்.

"செவ்வந்தி, துருவத்துல வேலைக்குக் கூப்பிடுறாங்க. ரெண்டு வருஷம். எனக்கு மனசே இல்ல. நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு, விட்டுடுறேன்."

கிடார் உயர்ந்து தணிந்தது.

"என்ன சொல்ற? போகவா?"

ஒரு பெருமூச்சு. "ம்... தலையாட்டுறியா. சரி."

அவள் வெளியே ஓடிவந்தாள். "இது என் பதிவுல இல்லையே! நானும் அங்கதானே இருந்தேன்!"

பர்னபாஸ் அவளுடைய சில்லைச் சோதித்துப் பார்த்தார். "நீங்க இரைச்சல் வடிகட்டி போட்டிருந்திருக்கீங்கம்மா. பாட்டைத் தவிர மத்த எல்லாத்தையும் அது இரைச்சல்னு தள்ளிடும். பதிவுல மட்டுமில்ல, அப்பவே உங்க காதுல விழாது."

"அவர் போடலையா?"

"போடல. நீங்க ஏதாவது பேசினா கேக்கணுமேன்னு இருந்திருக்கும்."

அன்று அவள் தலையாட்டியது உண்மைதான். டிரம்ஸுக்கு. செவ்வந்தி கடை வாசலிலேயே உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அழுதாள்.

சில மாதங்களில் குழுவின் நிறுவனம் அந்தப் பதிவை வெளியிட அனுமதி கேட்டது. அவன் பேசியதில் ஓர் எழுத்துகூட வெட்டக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதித்தாள். அதைக் கேட்டுவிட்டு யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்தால் போதும் என்று நினைத்தாள்.

கோள் முழுவதும் அதுவே எல்லாருக்கும் பிடித்த நேரடி ஆல்பமாயிற்று. அந்தக் கேள்வி உருக்கமா, பெருமூச்சு உருக்கமா என்று ரசிகர்கள் விவாதித்தார்கள்.

ஒருநாள் சுரங்க ரயிலில் எதிர் இருக்கையில் ஓர் இளம்பெண் அந்த ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். பக்கத்தில் அவள் கணவன் கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"மாதவி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கொஞ்சம் இங்க பாரேன்."

அவள் தாளத்துக்குத் தலையாட்டினாள். அவன் முகம் விழுந்தது.

செவ்வந்தி எழுந்துபோய் அவள் தோளைத் தொட்டாள். "ஏம்மா, அவரு உன்கிட்ட ஏதோ கேக்குறாரு பாரு."

உதடசைவதைத்தான் அந்தப் பெண் பார்த்தாள். ஈரக் கண்களோடு சிரித்து, உள்ளங்கையை உயர்த்தினாள்.

"கொஞ்சம் இருங்கக்கா. முக்கியமான இடம் வருது."