முன்லயத்துக் கோப்புகள்

சதாசிவத்துக்கு அன்று நாற்காலியை விட்டு எழவே அலுப்பாக இருந்தது. போலீசில் துப்பறிவாளராக ஈப்போ தெருக்களை அளந்து தேய்ந்த கால்கள். ஓய்வு பெற்ற பிறகாவது சும்மா கிடக்கலாம் என்றால் எங்கே விடுகிறார்கள்? டாக்சி ஓட்டும் அர்ச்சுனன் ஓர் அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். குற்றவாளியை ஏற்கெனவே பிடித்துவிட்ட முகம் அவனுக்கு.

"அண்ணே, இவங்க செல்லாயி. செமோர்ல வித்துட்டாங்களே, அந்த ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க."

செல்லாயி உட்காரவில்லை. "நாளைக்கு குனோங் ராபாட்ல கம்பெனி தோட்டத்து ஆளுங்களுக்கு வீட்டுச் சாவி குடுக்குது சார். கம்ப்யூட்டர்ல பைல் இருந்தாத்தான் வீடு. எனக்கு இல்லையாம். செல்லாயின்னு இருக்கிறது பின்லயத்துல, அஞ்சாம் லயத்துச் செல்லாயியோடதாம். முன்லயத்துல நாங்க இருந்த ரெண்டாம் லயத்து வரிசை வீட்டையும் இடிச்சாச்சு. நான் எங்க போவேன்?"

"ராஜு வேலைதான் அண்ணே," என்று அர்ச்சுனன் குறுக்கே விழுந்தான். "பைல் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல தட்டுனவன் அவன். பைல் காணாம போன நாலு பேரும் முன்லயம். தொரைய எதிர்த்து ஸ்டிரைக் பண்ணதும் முன்லயம். தொரை சொன்னாரு, இவன் அழிச்சிட்டான். அவ்ளோதான் லா. ஆபீஸ்லயே அவன வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. இந்த அக்கா நேத்து அவன் வீட்டு வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டு வந்திருக்காங்க."

சதாசிவம் கண்ணை மூடிக்கொண்டார். "ஸ்டிரைக்குக்கு யாரு தலைவர்?"

"சன்னாசி."

"அவர் பைல்?"

"அது இருக்கு," என்றாள் செல்லாயி.

"தோட்டத்துல வேற சன்னாசி உண்டா?"

"அவரு ஒருத்தருதான்."

"காணாம போன மத்தவங்க?"

"ராக்காயி, வீரம்மா, பிச்சைமுத்து. பின்லயத்துலயும் அதே பேர்ல ஒவ்வொரு ஆளு இருக்காங்க சார்."

சதாசிவம் பெருமூச்சோடு செருப்பைத் தேடினார். கால் வலித்தாலும் போய்த்தான் ஆக வேண்டும்.

மூன்று பேரும் போய் இறங்கிய கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவள் சந்திரமதி. சாவி கொடுக்கிற வேலையில் ஒரு வாரமாகத் தூக்கமில்லை என்பதைக் கண்களே சொல்லின. அவளும் சோர்ந்துபோய்த்தான் பேசினாள்.

"ராஜு தட்டுன பிறகு யாராவது பைல்களத் தொட்டாங்களாம்மா?" என்று கேட்டார் சதாசிவம்.

"நான்தான் பைல் பேர மாத்தினேன். தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணிங்க குடுத்தபடியே ராஜு பேர் வச்சிருந்தாரு. ஒருத்தர் பேருக்குப் பின்னால கோடு போட்டு நம்பர் எழுதுவாரு, ஒருத்தர் புள்ளி வைப்பாரு, ஒருத்தர் ஒட்டியே எழுதிடுவாரு. ஆயிரம் பைல் சார், கையால மாத்த முடியுமா? எல்லாத்துக்கும் பொருந்துற மாதிரி மெஷினுக்கு ஒரே வரியில கட்டளை எழுதினேன். எழுத்து எத்தனை வந்தாலும் சரி, அதுதான் பேரு, வச்சுக்கோ. அப்புறம் கோடோ புள்ளியோ இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. கடைசியில வர்ற நம்பர வெட்டிடு."

"என்ன நம்பர் அது?"

"லயத்து நம்பர். லயத்தத்தான் இடிச்சாச்சே, இனி எதுக்குன்னு விட்டுட்டேன்."

அர்ச்சுனன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சதாசிவம் கையமர்த்தினார்.

"மெஷின் சின்ன நம்பர்லேருந்துதானே பேர் மாத்திக்கிட்டு வரும்? முதல்ல ரெண்டாம் லயத்துச் செல்லாயி. நம்பர் போனதும் வெறும் செல்லாயி. அப்புறம் அஞ்சாம் லயத்துச் செல்லாயி. நம்பர் போனா அவங்களும் வெறும் செல்லாயி. அந்தப் பேர்ல ஏற்கெனவே ஒரு பைல் இருக்குன்னு மெஷின் கேட்டுச்சா?"

"கேக்காது..." சந்திரமதியின் முகம் வெளுத்தது. "பழசு போயிடும், புதுசுதான் நிக்கும். ஐயோ கடவுளே!"

"சின்ன நம்பர் முன்லயத்துக்குத்தானே, அதனாலதான் போனது அத்தனையும் முன்லயம். தொரைக்காக அழிச்சிருந்தா முதல்ல சன்னாசியத் தூக்கியிருக்கணும். இன்னொரு சன்னாசி இல்லாததால அவர் தப்பிச்சாரு. இதுல திருட்டும் இல்ல, லஞ்சமும் இல்ல. ராஜு பாவம், தட்டினதோட சரி."

"மாத்துறதுக்கு முந்தி டேப்ல ஒரு காப்பி எடுத்தேன் சார். ராஜு மேல பழி விழுந்ததும் நானும் அதையே நம்பிட்டேன். டேப்ப எடுத்துப் பாக்கணும்னே தோணல." அவள் அலமாரியைத் திறந்து டேப்பை எடுத்தாள்.

டேப் சுற்றி முடித்தது. சந்திரமதி திரையைப் பார்த்து உரக்கப் படித்தாள்: செல்லாயி, ரெண்டாம் லயம், பால்மரம் வெட்டுபவர். செல்லாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "பேரு ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணாம்மா?" என்று கேட்டாள். சந்திரமதி மற்ற மூன்று பேரையும் தேட ஆரம்பித்தாள். தவறு தன்னுடையது, ராஜுவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று மேனேஜரிடம் இன்றைக்கே எழுதிக் கொடுப்பதாகவும் சொன்னாள்.

டாக்சியில் சதாசிவம் பின்னால் சாய்ந்தார். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. அர்ச்சுனன்தான் அடங்கவில்லை.

"அக்கா, சாவி நாளைக்குத்தான். ஆனா இப்பவே போய் வெளிய நின்னு வீட்டப் பாத்துட்டு வரலாமா?"

"வீடு எங்கயும் ஓடாது," என்றாள் செல்லாயி. "ராஜு வீட்டுக்கு விடு தம்பி. அவன் பொண்டாட்டி வாயும் வயிறுமா வாசல்ல நின்னா. நான் தூத்துன மண்ணு அவ மேலயும் விழுந்துச்சு."