நிழல் தின்னி

மேசை விளக்கின் கீழ் இருந்த கோப்பைக்கு நிழல் இல்லை.

அக்கா விளக்கைச் சற்றுத் திருப்பிப் பார்த்தாள். பேனாவின் நிழல் நகர்ந்தது, மூக்குக்கண்ணாடியின் நிழல் நகர்ந்தது, கோப்பையின் அடியில் மட்டும் துடைத்துவிட்டாற்போல் வெறும் மரம் தெரிந்தது. அறையெங்கும் ஈரச் சுண்ணாம்பின் வாடை, அலமாரிக்குப் பின்னால் பூனை பால் நக்குவது போல, ஆனால் அதைவிட மெதுவாக, ஒரு ஓசை.

"உன் செல்லப்பிள்ளை இங்க வந்திருக்கு போல," என்றாள்.

அடுத்த அறையில் தங்கை சிரித்தாள். "பார்த்ததைத்தான்க்கா எழுதினேன். நீதான் நம்பல. பாவம் அது, நிழலைத் தவிர ஒண்ணும் கேக்காது."

தங்கை அதை எழுதியது, பலர் கூடி ஒரு கற்பனை உலகைப் படைக்கும் இணையதளத்தில். அங்கே உயிரினங்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தலைப்பக்கம் அமைப்பது அக்காவின் வேலை. எங்கே வாழும், எதைத் தின்னும் என்று தலைப்பக்கத்தில் எழுதியதே அதன் கீழ் வரும் அத்தனை உயிருக்கும் சட்டம். நான்கு வருடம். நாற்பத்தொரு பக்கங்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தங்கை சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. எழுதியது ஒரே ஒரு உயிர், இந்த நிழல் தின்னி. அதற்கு முந்நூறு பாராட்டுகள்.

"நம்ம நிர்வாகி என்ன சொன்னார் தெரியுமா? இத்தனை நாள் தளமே தூங்கிட்டிருந்துச்சாம்."

"தாலாட்டுப் பாடினது நான்தானே."

"ஐயோ, உன்னைச் சொல்லலக்கா."

அக்காவுக்கு வயிறு எரிந்தது. தன் கணினியில் நிழல் தின்னியை 'வீட்டில் ஒண்டுபவை' கூட்டத்திலிருந்து எடுத்தாள். 'சதை தின்பவை' கூட்டத்தில், இருநூறு பெயர்களுக்கும் கீழே, யாரும் இறங்கிப் பார்க்காத கடைசி வரியில் போட்டாள். காரணம் கேட்ட கட்டத்தில் 'வகைப்பாட்டுத் திருத்தம்' என்று எழுதினாள்.

நக்கும் ஓசை நின்றது. கோப்பைக்கு நிழல் வந்தது. சுவரை ஒட்டி ஏதோ அடுத்த அறைக்குப் போயிற்று.

"அக்கா?"

"என்னடி?"

"இது ஏன் என் கையை..."

மெல்லும் ஓசை. ஈரமாக. நிதானமாக.

அக்கா, மாற்றியதைப் பழையபடி ஆக்கப் போனாள். திரை மறித்தது. 'இடம் மாறிய உயிரைப் பழைய கூட்டத்தில் சேர்க்க, அதை எழுதியவரின் ஒப்புதல் தேவை.' அவளே வகுத்த விதி. ஒப்புதல் கேட்டு அனுப்பினாள்.

ஓடினாள்.

தங்கை நாற்காலியில் இருந்தாள். இரும்பு வாடை. முழங்கைகளுக்குக் கீழே வெறும் எலும்பு. ஒரு கன்னம் இல்லை. பல்வரிசை தெரிந்தது. கண்கள் இருந்தன. அவை அக்காவைப் பார்த்தன. பிறகு கணினியை.

திரையில் ஒப்புதல் பொத்தான். ஒரு தட்டு போதும்.

அக்கா கையை நீட்டினாள்.

பொத்தானுக்கு மேலே நிர்வாகியின் செய்தி, தங்கைக்கு. 'நாளையிலிருந்து நாற்பத்தொரு தலைப்பக்கமும் உங்க பொறுப்பு. அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்.'

மெல்லும் ஓசை தோளுக்கு ஏறியது.

அக்காவின் விரல் பொத்தான் மேல் நின்றது. அந்த வரியை இன்னொரு முறை படித்தாள்.