கை தூக்குற நேரம்

செவ்வரளிப்பட்டியில் யாரும் ஐந்தரை மணி என்று சொல்வதில்லை. 'கை தூக்குற நேரம்' என்பார்கள். தினமும் அந்த நேரத்துக்குக் கொட்டகைக் கதவு மேலேறும். மனித உருவில் செய்த ஆறு தீயணைப்பி இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்து ஊர்ப் பொதுவெளியான மந்தையில் வட்டமாக நிற்கும். பிறகு ஆறும் ஒரே கணத்தில் வலக்கையை முகத்துக்கு நேராக உயர்த்தி, விரல்களை லேசாக மடக்கி, அசையாமல் நிற்கும். கண்விளக்குகள் மட்டும் நாலைந்து விநாடிக்கொரு முறை இமைப்பதுபோல் அணைந்து எரியும். மூன்று நிமிடம் கழித்துக் கையை இறக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடும்.

ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஆசீர்வாதம் என்று நினைத்த சிலர் அவற்றின் நெற்றியில் குங்குமம் இட்டிருந்தார்கள்.

ஆவுடைத்தங்கத்துக்குத்தான் அது உறுத்தியது. அவள் பனிவலை பின்னுகிறவள். விடியற்காலை ஈரத்தைக் காற்றிலிருந்து பிடித்துத் தொட்டிக்குள் சொட்டவிடும் வலை அது. ஒரு முடிச்சு ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதை அவிழ்க்கவும் மாட்டாள், கட்டவும் மாட்டாள். பதினொரு வருடமாகக் காலியாகக் கிடந்த 'அழைப்பாள்' எனும் தீக்காவல் வேலைக்கு அவள் பெயர் கொடுத்ததும் அந்தக் குணத்தால்தான். தீயணைப்பிகள் எத்தனை இருந்தாலும், தீ அணைந்துவிட்டது என்று கையெழுத்துப் போட ஊருக்கு ஒரு மனிதர் வேண்டும் என்றது ஒரு பழைய விதி.

மாவட்டத்திலிருந்து வந்த பொறியாளர் நிலோபர், நெல்மணி அளவுள்ள 'அழைசில்' என்ற மின்சில்லை அவளுடைய காறை எலும்புக்குக் கீழே செருகினாள்.

"எங்கயாவது தீப்பிடிச்சா இந்த இடம் ஐஸ் மாதிரி குளிரும். கையில இருக்கிற வேலையைப் போட்டுட்டு ஓடணும். அவ்வளவுதான்."

"இதுகளுக்குத் தீயணைக்க யாரு மேடம் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லித் தரல. பாத்துக் கத்துக்கிட்டதுதான்."

கட்டளை எழுதி இயந்திரத்தைப் பழக்குவது அந்தக் காலம். நூறு வருடங்களுக்கு முன்பு மனிதர்கள் தீ விபத்துகளைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். நாற்பது லட்சம் படங்கள். அத்தனையையும் தீயணைப்பிகளுக்குக் காட்டினார்கள். படத்தில் பெரும்பாலானவர்கள் எதைச் செய்கிறார்களோ அதுவே பாடம். தேர்வும் நடந்தது. ஆனால் தீ மூட்டுவது நாற்பது வருடமாகக் குற்றம் என்பதால் தேர்வுக்கும் யாரும் தீ மூட்டவில்லை. எவ்வளவு விரைவாக வந்து சேருகின்றன என்று மட்டும் அளந்தார்கள். ஆறும் முழு மதிப்பெண் வாங்கின.

நெஞ்சில் எண்பது லிட்டர் தண்ணீர், இடது அக்குளில் சுருட்டிய குழாய், பிடரியில் தண்ணீர் திறக்கும் திருகு. நிலோபர் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட ஆவுடை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

தீவனக் கிடங்குக் காவலர் முத்துமாலை சிரித்தார். "ஏட்டி ஆவுடை, ஆறு எமகிங்கரன் நிக்கும்போது நீ குடத்தத் தூக்கிட்டா ஓடப் போற? தீ வந்தா சொல்லியனுப்பு. நாங்களும் பாக்க வாரோம்."

"மொத ஆளா உங்களுக்குத்தான் அண்ணாச்சி சொல்லுவேன்."

ஆவணியில் ஒரு பகல் மூன்று மணிக்கு, ஏணிமேல் நின்று வலைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் காறை எலும்பு குளிர்ந்தது.

ஈரம் காயாத தீவனக் கட்டுகளை நெருக்கி அடுக்கினால், உள்ளே கிருமிகள் பெருகிச் சூடு கிளப்பும். சூடு வெளியேற வழியில்லாமல் நாள்கணக்கில் ஏறி, ஒருநாள் தானாகவே பற்றிக்கொள்ளும். தீயையே மறந்துபோன ஊரில் இது யாருக்கும் நினைவில்லை. முத்துமாலை அப்படித்தான் அடுக்கியிருந்தார். புகையைக் கண்டு கட்டுகளை இழுத்துப் போட உள்ளே போனார். மேல் அடுக்கு அவர் கால்மேல் சரிந்தது.

ஓடிக்கொண்டிருந்த ஆவுடையைத் தீயணைப்பிகள் தாண்டிச் சென்றன. அவளுக்கு உயிர் வந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது அவை கிடங்கைச் சுற்றி வட்டமாக நின்றிருந்தன. வலக்கைகள் முகத்துக்கு நேராக உயர்ந்திருந்தன.

ஒரு துளித் தண்ணீர் விழவில்லை.

தீ ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் ஆறும் அந்தப் பக்கம் ஓரடி நகர்ந்தன. ஒன்று மதில்மேல் ஏறி நின்று மறுபடி கையை உயர்த்தியது.

அவற்றுக்குப் பின்னால் ஊரே நின்றது. ஊரில் எல்லோர் கண்ணிலும் கண்வில்லை உண்டு. இமைக்காமல் பார்த்தால் அது பதிவு செய்யும், இமைத்தால் நின்றுவிடும். புகையில் கண்ணீர் வழிந்தும் ஒருவர்கூட இமைக்கவில்லை.

"மதினி, அண்ணாச்சி எங்க?"

முத்துமாலையின் மனைவி செல்லக்கனி திரும்பாமலே சொன்னாள். "உள்ளதான் இருக்காவ. சத்தம் கேக்குல்லா?"

ஆவுடை இரண்டு தீயணைப்பிகளுக்கு நடுவே புகுந்தாள். குளிர்ந்த உலோகக் கை ஒன்று அவள் தோளை மென்மையாகப் பற்றி ஒதுக்கியது.

"சற்று விலகவும். மறைக்கிறது."

ஒரு மூச்சு நின்றாள். அடுத்த மூச்சில் அவள் விரல்கள் அதன் பிடரித் திருகைத் தேடிப் பிடித்துத் திருப்பின. அக்குளிலிருந்து குழாயை உருவினாள். அது தடுக்கவில்லை. இன்னும் நன்றாகத் தெரிகிற இடத்துக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டது. வாசலை நனைத்து, முந்தானையை நனைத்து மூக்கைக் கட்டிக்கொண்டு, புகை இறங்காத முழங்கால் உயரத்தில் தவழ்ந்து போனாள். கட்டுகளைப் புரட்டினாள். முத்துமாலையின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இழுத்து வந்தாள். அதன்பின் ஆறு நெஞ்சுகளையும் ஒவ்வொன்றாகக் காலி செய்து தீயை அணைத்தாள். கடைசிவரை கைகள் இறங்கவில்லை.

மறுநாள் நிலோபர் பழைய படங்களில் ஒன்றை அவளுக்குப் போட்டுக் காட்டினாள். எரியும் கடை. சுற்றிலும் வட்டமாகக் கூட்டம். எல்லோர் வலக்கையும் முகத்துக்கு நேராக. தினமும் மந்தையில் தீயணைப்பிகள் ஒத்திகை பார்த்தது இதைத்தான்.

"கையில என்னமோ பலகை மாதிரி வச்சிருக்காவளே?"

"அப்பல்லாம் அதுலதான் படம் எடுப்பாங்க."

"ஒருத்தர்கூடவா தண்ணி ஊத்தல?"

"ஊத்தினவங்க கண்டிப்பா இருந்திருப்பாங்க. ஆனா அவங்க கையில குடம்தானே இருந்திருக்கும்? படம் எடுத்தவங்க, தங்களை மாதிரி நின்னவங்களையே எடுத்திருக்காங்க." நிலோபர் உற்சாகமானாள். "பழசையெல்லாம் அழிச்சிட்டேன். இனி உங்க ஊருத் தீதான் பாடம். நேத்து எடுத்ததை எல்லாரையும் அனுப்பச் சொல்லுங்க."

ஊரில் மொத்தம் இருநூற்றுப் பதினாலு பேர். அன்று பொழுது சாய்வதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் வந்துவிட்டன. முத்துமாலையும் ஆவுடையும் அனுப்புவதற்கு ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம், ஐந்தரை மணிக்குக் கொட்டகைக் கதவு மேலேறியது. காலில் கட்டோடு முத்துமாலை வாசலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆறும் இறங்கி வந்து வட்டமாக நின்றன. ஒரு கையும் உயரவில்லை.

"ஏட்டி ஆவுடை, திருந்திட்டுப் போலிருக்கே!" என்றார்.

ஆவுடை அவற்றின் கண்விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நிமிடமும் அவை ஒருமுறைகூட இமைக்கவில்லை.