எதிர்ப்பக்கம் பார்த்த எழுத்துகள்

பவானேஸ்வரியின் லேப்டாப் விசைப்பலகையில் அன்று காலை இரண்டு டபிள்யூ இருந்தன. ஒன்று அதன் இடத்தில். இன்னொன்று கீழ் வரிசையில், எம் இருக்கவேண்டிய இடத்தில். குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. எம் எழுத்தைக் கழற்றி யாரோ தலைகீழாக மாட்டியிருந்தார்கள்.

புக்கிட் காத்தில் ஊரின் அந்த வாடகை வீட்டில் இருந்தது அவளும் கணவன் ஹரிதாஸும் மட்டும்தான். அவன் செம்பனை எண்ணெய் லாரி ஓட்டுபவன். லேப்டாப் அவள் வேலை பார்த்த கம்பெனியுடையது. உடம்பு தேறும்வரை வீட்டிலிருந்தே கடிதங்களை அடித்துத் தரச் சொல்லி அதைக் கொடுத்திருந்தார்கள்.

"ஏங்க, இதைக் கழட்டி மாட்டினீங்களா?"

"எனக்கு அதைத் தொறக்கவே தெரியாதுலா." சட்டைப் பட்டனில் இருந்த அவன் விரல்கள் நின்றன. "மருந்து ஒழுங்கா சாப்பிடுறதானே, பவானி?"

அவள் தலையாட்டினாள். போன வருடம் வயிற்றுப் பிள்ளை தங்காமல் போன பிறகு, அவள் கைகள் அவளுக்குத் தெரியாமலே என்னென்னவோ செய்திருந்தன. தலையணையைக் கிழித்துப் பஞ்சை வெறும் தொட்டிலில் பரப்பியிருந்தன. அரிசியில் சவர்க்காரத் தூளைக் கலந்திருந்தன. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி, கம்பி போட்ட ஜன்னல், நாக்கைத் தடிக்க வைக்கும் மாத்திரை. மறுபடியும் அங்கே போக அவள் தயாராக இல்லை. லாரிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும், கொண்டை ஊசியால் நெம்பி எம்மை நேராக்கினாள்.

மறுநாள் ஏழெட்டு எழுத்துகள் தலைகீழாக நின்றன. அதற்கடுத்த நாள் அவை இடமும் மாறியிருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, சரியான இடத்தில் அழுத்தினாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தன் நகங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹரிதாஸ் ஜொகூருக்குச் சரக்கு ஏற்றிப் போன அன்று, துப்பட்டாவால் தன் இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்துக் கட்டி, முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டு படுத்தாள். விடிந்தபோது முடிச்சு அப்படியே இருந்தது. கைகள் மரத்துப்போய் நீலம் பாரித்திருந்தன. கூடத்துக்கு ஓடினாள்.

ஒரு எழுத்துகூட அதன் இடத்தில் இல்லை. அத்தனையும் தலைகீழ்.

நான் செய்யவில்லை. அந்த நினைப்பு தந்த நிம்மதி ஒரு மூச்சுக்கூட நீடிக்கவில்லை. மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போய், திரைக்கு மேலாக எட்டிக் கீழே பார்த்தாள். அங்கிருந்து பார்க்கையில் எழுத்துகள் எல்லாம் நேராக, வரிசை பிசகாமல் இருந்தன. எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து அடிப்பவருக்காக மாட்டப்பட்டவை. ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் திரையல்லவா மறைக்கும்?

திரைக்கு உள்ளே இருந்தால் மறைக்காது.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை இரைய, பக்கத்துச் சாக்கடையின் புளித்த வாடை ஜன்னல் வழியே ஏறிவர, விளக்கு போடவேண்டிய அளவுக்குக் கூடம் இருண்டது. மின்சாரம் இல்லை. அவள் அணைந்த லேப்டாப்பின் முன் உட்கார்ந்து எல்லா எழுத்துகளையும் நெம்பி எடுத்து, மைலோ டின்னில் போட்டு மூடினாள். பலகையில் மிஞ்சியது வெறும் ரப்பர்க் காம்புகள்தான்.

மேசை ஓரத்தில் இருந்த போன் அடித்தது.

"சாப்பிட்டியா?" ஹரிதாஸ். எங்கோ சாலையோரப் பொதுத் தொலைபேசியிலிருந்து பேசினான்.

"சாப்பிட்டேங்க."

"சரி, வேலையைப் பாரு. நீ தட்டுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

"மழைங்க."

"மழை இல்ல, பவானி. டைப் அடிக்கிற சத்தம். எனக்குத் தெரியாதா?"

அவள் மெல்லக் குனிந்தாள்.

ரப்பர்க் காம்புகள் அமுங்கின. எழுந்தன. மீண்டும் அமுங்கின. நிதானமாக. வேலை தெரிந்த விரல்களின் கீழ் அமுங்குவதுபோல.

"பவானி? பேசேன்."

அவள் நிமிர்ந்தாள். ஒரு கையில் போன். மறு கை வாயைப் பொத்தியிருந்தது.

கறுத்த திரையில் அவள் முகம் தெரிந்தது. அதே கலைந்த தலை. அதே நைட்டி. அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் காதருகே போன் இல்லை. வாயைப் பொத்திய கையும் இல்லை. அதன் இரண்டு கைகளும் கீழே நீண்டிருந்தன, பலகையின் மேல்.