எக்ஸ்ரே அறைக்கு நீலக் கோடு

அவளை வகுப்பில் எல்லோரும் ‘மைக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ரகசியம் பேசினாலே பக்கத்து வகுப்பு திரும்பிப் பார்க்கும். அதில் அவளுக்கு வருத்தமே கிடையாது. “தொண்டை நல்லா இருக்கு, பேசறேன்” என்பாள்.

அவள் படித்தது இயேசு சபைக் குருக்கள் நடத்தும் பள்ளி. வாசல் சுவரில் ‘பிறருக்காக’ என்று ஒரே ஒரு சொல் பெரிதாக எழுதியிருக்கும். ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டால் வெள்ளிக்கிழமை காலையில் பாடம் இல்லை. எதிரே உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய் உதவி செய்ய வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. தினமும் கடைசி மணி அடிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் எல்லோரும் கண்ணை மூடி உட்கார வேண்டும். இன்று எது நன்றாக நடந்தது? எங்கே தவறவிட்டேன்? நாளைக்கு என்ன செய்வேன்? இந்த மூன்றையும் மனதுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். மைக்குக்குக் கணக்கைவிடக் கஷ்டமான பாடம் அதுதான். ஐந்து நிமிடம் பேசாமல் இருப்பது என்றால் சும்மாவா?

முதல் வெள்ளிக்கிழமை மருத்துவமனையின் தலைமை நர்ஸ் சொன்னார்: “இங்க வழி தெரியாம அலையறவங்கதான் ஜாஸ்தி. அதுக்கு ஏதாவது செய்யுங்களேன்.”

“விடுங்க சிஸ்டர், நாங்க பார்த்துக்கறோம்!” என்றாள் மைக். அந்தக் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் வழி காட்டும் ஒன்பது போஸ்டர்கள் தயார். எழுதியது அவளுடைய தோழி பென்சில். ஒல்லியாக இருப்பாள், எப்போதும் வரைந்துகொண்டிருப்பாள், அதனால் அந்தப் பெயர். பூ, கொடி, வளைந்த எழுத்து என்று ஒவ்வொரு போஸ்டரும் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. தலைமை நர்ஸ் பாராட்டினார். டாக்டர் ஒருவர் நின்று போட்டோ எடுத்தார். மைக்குக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் ஒரு பெண் வந்தார். சேலையில் சிமெண்ட் கறை. கட்டட வேலை செய்பவர். கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயது மகன். அவனுடைய இன்னொரு கையில் மாவுக்கட்டு.

“பாப்பா, எக்ஸ்ரே எடுக்கற இடம் எங்க இருக்கு?”

“மேல பாருங்கக்கா, எழுதியிருக்கு!” என்றாள் மைக், சாய்ந்திருந்த ஒரு போஸ்டரைச் சரிசெய்தபடியே.

அந்தப் பெண் மேலே பார்த்தார். தலையாட்டினார். மகனோடு நடந்து போனார்.

வெகுநேரம் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். பையன் அழுதுகொண்டிருந்தான்.

“என்னாச்சுக்கா?”

“எங்கெங்கேயோ சுத்தி, நாங்க போறதுக்குள்ள எக்ஸ்ரே அறையை மூடிட்டாங்க. எலும்பு டாக்டர் வெள்ளிக்கிழமைதான் வருவாராம். இன்னிக்குக் கட்டைப் பிரிச்சிடுவாங்கன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். இனிமே அடுத்த வாரம்தான்.”

“உள்ள அரிக்குதும்மா!” என்று விசும்பினான் பையன்.

“அந்தப் போஸ்டர்ல வழி எழுதியிருந்ததே...”

அந்தப் பெண் கோபப்படவில்லை. “எனக்குப் படிக்கத் தெரியாதும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

மைக் திரும்பி அந்தப் போஸ்டரைப் பார்த்தாள்.

அன்று மாலை வகுப்பில் கண்ணை மூடினாள். எது நன்றாக நடந்தது? போஸ்டர். எல்லோரும் பாராட்டினார்கள். எங்கே தவறவிட்டேன்? சிமெண்ட் கறை படிந்த அந்தச் சேலை நினைவுக்கு வந்தது. ஆனால் வழி கேட்டபோது அந்த அக்காவின் முகம் எப்படி இருந்தது என்பது ஞாபகம் வரவில்லை. ஏனென்றால் அப்போது மைக் அவரைப் பார்க்கவே இல்லை. போஸ்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘பிறருக்காகன்னு சொல்லிட்டு, எனக்காகத்தானே ஒட்டியிருக்கேன்’ என்று நினைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை.

“என்ன மைக், கரண்ட் போச்சா?” என்றாள் பென்சில்.

“போஸ்டர் எல்லாத்தையும் கழட்டணும்.”

“என்னது! ஒவ்வொரு பூவுக்கும் பதினாறு இதழ் வரைஞ்சேன்டீ!”

“பூ நல்லாத்தான் இருக்கு. ஆனா படிக்கத் தெரியாதவங்களுக்கு அது எந்தப் பக்கம் போகச் சொல்லும்?”

“அப்ப எது சொல்லும்?” என்றாள் பென்சில்.

திங்கட்கிழமை இருவரும் ஃபாதரிடம் அனுமதி கேட்கப் போனார்கள்.

“ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன செய்யப் போறீங்க?”

“ஒண்ணும் செய்யப் போறதில்லை ஃபாதர். சும்மா உட்கார்ந்து பார்க்கப் போறோம்.”

ஃபாதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளை ஒருமுறை பார்த்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மருத்துவமனை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பென்சில் நோட்டில் கோடு கிழித்துக்கொண்டே வந்தாள். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தோரு பேர் வழி கேட்டார்கள். போஸ்டரை நிமிர்ந்து பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. ஒருவர் இடுப்பில் குழந்தை, ஒருவர் கையில் ஊன்றுகோல், ஒருவருக்குக் கழுத்தே திரும்பவில்லை.

“பென்சில், கவனிச்சியா? எல்லாரும் தரையைப் பார்த்துத்தான் நடக்கறாங்க!”

“ஆமா, வழுக்கிடுமோன்னு பயம்.”

“அப்ப வழியைத் தரையிலயே போட்டா?”

தலைமை நர்ஸ் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “தரையில எதை ஒட்டினாலும் ரெண்டு நாள்ல பிஞ்சு வந்து அசிங்கமாயிடும்.”

பக்கத்தில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு அக்கா நிமிர்ந்தார். “காகிதம் ஒட்டினா பிஞ்சுதான் போகும் சிஸ்டர். ஆபரேஷன் அறை வாசல்ல மஞ்சள் டேப் இருக்கே, ரெண்டு வருஷமா துடைக்கறேன், அசையவே இல்லை. எல்லா கலர்லயும் ஸ்டோர்ல கிடக்கு.”

“நீங்க சொன்னா சரிதான்” என்று நர்ஸ் சிரித்தார்.

மூன்று நாள் மாலை தரையில் தவழ்ந்து தவழ்ந்து ஒட்டினார்கள். எக்ஸ்ரே அறைக்கு நீலக் கோடு. ரத்தப் பரிசோதனைக்குப் பச்சை. மருந்து வாங்கும் இடத்துக்குச் சிவப்பு. எங்கே ஈரம் காய நேரமாகும், எங்கே வளைத்து ஒட்ட வேண்டும் என்று துப்புரவு அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். பென்சிலின் முட்டியும் பச்சையும் நீலமுமாக ஆகிவிட்டது. அது டேப் இல்லை, கன்றிப்போனது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே அந்த அம்மாவும் பையனும் வந்துவிட்டார்கள். மைக் ஓடிப்போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். “அக்கா, போன வாரம் நான்தான் உங்களை அலைய வெச்சேன். மன்னிச்சிடுங்க. இந்த நீலக் கோட்டுமேலயே நடங்க. நானும் கூட வரேன், ஆனா வாயைத் திறக்க மாட்டேன். கோடு சரியா வழி சொல்லுதான்னு நீங்கதான் எங்களுக்குச் சொல்லணும்.”

“ஓ, எனக்கே பரீட்சையா?” என்று சிரித்தார் அந்த அம்மா.

பையன் கோட்டின்மேல் ரயில்போல் ஓடினான். நடுவில் ஒரு நடைவழியில் விளக்கு மங்கல். அங்கே நீலமும் பச்சையும் பிரியும் இடத்தில் ரயில் நின்றுவிட்டது.

“அம்மா, ரெண்டும் கறுப்பா இருக்கு!”

அம்மாவும் குனிந்து பார்த்தார். “ஆமாம்மா, எது எதுன்னு தெரியலை.”

பென்சிலின் முகம் வாடிவிட்டது. மூன்று நாள் உழைப்பு! ஆனால் மைக்குக்கு உற்சாகம்தான் வந்தது. “நல்லவேளை சொன்னீங்க! இதை நாங்க கண்டுபிடிச்சிருக்கவே மாட்டோம். என்ன செய்யலாம்?”

“எலும்புப் படம் போடுங்க. எக்ஸ்ரேல எலும்புதானே வரும்?” என்றான் பையன்.

பென்சில் அங்கேயே உட்கார்ந்து வெள்ளை டேப்பில் வரிசையாக எலும்பு வரைந்தாள். பச்சைக் கோட்டுக்கு ஒரு சொட்டு ரத்தம். பையன் தன்னுடைய நல்ல கையால் முதல் எலும்பை ஒட்டி அழுத்தினான். துப்புரவு அக்கா விளக்கு மாற்றச் சொல்லி ஆள் அனுப்பினார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு கூடியிருந்தது. டாக்டர் மாவுக்கட்டை வெட்டி எடுத்ததும் பையன் ஐந்து விரலாலும் கையைச் சொறிந்துகொண்டான். “அப்பாடா!”

அவனுடைய அம்மா மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டார். “மருந்துக்குச் சிவப்புக் கோடுக்கா” என்றபடி மைக் எழுந்தாள்.

“நீ இரும்மா. சிவப்புதானே? நானே போய்க்கறேன்” என்று சொல்லிவிட்டு, யாரையும் எதுவும் கேட்காமல், மகனோடு விறுவிறுவென்று நடந்து போனார். மைக் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த நேரம் மாடியிலிருந்து கண் பிரிவு நர்ஸ் வேகமாக இறங்கி வந்தார். “நீங்கதானா அந்தப் பொண்ணுங்க? எங்க மாடிக்கும் இதே மாதிரி கோடு போட்டுத் தாங்க. இன்னிக்கே முடியுமா?”

பென்சில் சட்டென்று டேப்பைக் கையில் எடுத்தாள்.

மைக் ஒரு நிமிடம் யோசித்தாள். “அங்க வர்றவங்களுக்குக் கண்ணே சரியாத் தெரியாதே சிஸ்டர், கோடு எப்படித் தெரியும்? முதல்ல வந்து கொஞ்ச நேரம் அவங்ககூட உட்காரறோம். அப்புறம் சொல்றோம்.”

சொல்லிவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி மாடி ஏறினாள்.