மூச்சுவிடும் மெத்தை

புதன் கோளில் சூரியன் உதித்தால் மூன்று மாதத்துக்கு மறையாது. அதனால் நிலத்தடியில் குடியிருப்பவர்கள் சாப்பாடு முடிந்ததும் சுவர்களைத் தடவிப் பார்த்து, சூடு குறைந்த சுவரோரமாகக் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். அதை யாரும் ஒரு தொல்லையாக நினைப்பதில்லை.

வடிவாம்பிகைக்கு இந்த முறை அது போதவில்லை. மகள் மதுரவல்லி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். புகுந்த வீட்டில் சூடு தாங்காமல் தூக்கமே இல்லையாம். அங்கேயும் மூச்சிழை மெத்தைதானாம். "ஏதாவது மட்டமான சரக்கா இருக்கும்" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள் தாய்.

பஞ்சு வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். நுரைமெத்தை உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூச்சிழை அப்படியல்ல, சூட்டையும் ஈரத்தையும் உறிஞ்சி அடிப்பக்கமாக வெளியே தள்ளிவிடும். வடிவாம்பிகை ஒவ்வொன்றையும் புறங்கையால் தொட்டுப் பார்த்து, கடைக்காரரை ஒரு வழி பண்ணி, இருப்பதிலேயே உயர்ந்ததை வாங்கி வந்தாள்.

மதுரவல்லி அதிலும் புழுங்கித்தான் போனாள். பெண் இப்படித் தூங்காமலிருந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று மருத்துவர் எச்சரித்தார். செய்தி கேட்டு மாமியார் திரிபுரசுந்தரி ஓடி வந்தாள்.

"பொண்ணு வாடிப் போயிட்டா சம்பந்தியம்மா. நான் கூட்டிட்டுப் போறேன்."

வடிவாம்பிகைக்கு மானம் போயிற்று. கடையைக் கூப்பிட்டுக் கத்தினாள். பழுதுபார்க்கும் எந்திரன் ஒன்று வந்து, விரிப்பைத் தூக்கிப் பார்த்தது.

"மெத்தையில் பழுதில்லை அம்மா. பிளாஸ்டிக் உறையைத்தான் நீங்கள் இன்னும் கழற்றவில்லை."

மதுரவல்லி அம்மாவைப் பார்த்தாள்.

"சரசரன்னு கேட்டுச்சே, மெத்தை மூச்சுவிடற சத்தம்னு சொன்னியேம்மா?"

"இவ்ளோ நல்ல மெத்தைடி... கறை பட்டா போகாது. அழுக்காயிடுமேன்னு..."

"நான் படுத்தா அழுக்காயிடுமா?"

வடிவாம்பிகை கூனிக் குறுகிப் போனாள். பெற்ற பெண்ணின் தூக்கத்தைவிட மெத்தையின் புதுசு பெரிதாகப் போய்விட்டதே என்று நெஞ்சு சுட்டது. சம்பந்தி சிரிப்பாள் என்று எதிர்பார்த்து நிமிர்ந்தாள். திரிபுரசுந்தரியோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதுரவல்லி மெல்லத் திரும்பினாள். "அத்தை, நம்ம வீட்டு மெத்தையும் சரசரன்னுதானே..."

"நாலு பேர் வந்து பாக்கற வீடும்மா" என்றாள் மாமியார், குரலே எழும்பாமல். "புதுசாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

எந்திரன் உறையைக் கிழித்து எடுத்தது. மதுரவல்லி படுத்தாள். முதுகில் குளிர்ச்சி பட்டதும், கோபித்துக்கொள்ளக்கூட நேரமில்லாமல் தூங்கிப் போனாள். அம்மாக்கள் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எந்திரன் உறையைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தது. "இதைக் கழிவில் சேர்த்துவிடட்டுமா?"

"வேணாம்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். மகள் விழித்துவிடப் போகிறாளே என்று வடிவாம்பிகை குரலைத் தாழ்த்தினாள்.

"கிழியாத பக்கமா மடிச்சு வை. தொட்டில் மெத்தைக்கு ஆகும்."