வடக்கு வாசல் வரிசை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு காதுகளும் தக்காளியாகிவிட்டன.

எங்கள் ஊர்ப் பேராலயத்தில் மலர்த் திருவிழாவின் கடைசி நாள் அது. நான்கு மணிக்கு முடிந்துவிடும். உள்ளே என் தோழி மார்னி வளர்த்த சூரியகாந்திகள் இருந்தன. ஏப்ரலில் விதை போட்டு, இங்கே எங்கள் பள்ளி வைக்கும் அலங்காரத்துக்காக அவள் வளர்த்துக் கொடுத்தவை. உள்ளே வைத்த பிறகு அவற்றை அவள் பார்க்கவே இல்லை.

மார்னி சக்கர நாற்காலியில்தான் வருவாள். அதனால் ‘பார்வையாளர்களுக்கான தகவல்’ தாளைக் கவனமாகப் படித்துவிட்டே வந்தோம். “சக்கர நாற்காலியில் வருவோர் வடக்கு வாசலைப் பயன்படுத்தவும்” என்று அதில் அச்சடித்திருந்தார்கள்.

வடக்கு வாசல் பூட்டியிருந்தது. கதவில் ஒரு காகிதம்: “உள்ளே மலர் அலங்காரம். மேற்கு வாசலுக்குச் செல்லவும். வருந்துகிறோம்.”

மேற்கு வாசலில் பதினோரு படிகள்.

“வருந்துறாங்களாம்! நல்லா வருந்தட்டும்” என்றாள் மார்னி.

நான் அந்தப் படிகளில் ஏறி ஓடினேன். திருவிழாப் பொறுப்பாளர் மிசஸ் தோர்ப், தொப்பியில் நிஜ ரோஜாவோடு நின்றிருந்தார்.

“அந்தக் கதவுகிட்ட அன்னம் நிக்குது, ஹெட்டி. முழுக்கப் பூவால செஞ்சது. மூணு நாள் வேலை! அதையெல்லாம் நகர்த்த முடியாது.”

“அப்போ மார்னி எப்படி வருவா?”

“ரெண்டு பேரை விட்டுத் தூக்கிட்டு வரச் சொல்றேன். இல்லன்னா நீ போட்டோ எடுத்துட்டுப் போய்க் காட்டேன்.”

நான் திரும்பி வந்து இதைச் சொன்னதும் மார்னி சக்கரங்களை இறுகப் பிடித்தாள்.

“தூக்கிட்டுப் போக நான் என்ன பியானோவா? என் பூவையே நான் போட்டோவுலதான் பாக்கணுமா?” கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது.

“கதவு திறக்குற வரைக்கும் இங்கேயே நிப்போம்” என்றேன். வேறு யோசனை எதுவும் என்னிடம் இல்லை. கோபம் மட்டும்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் குடையோடு ஒரு தாத்தா வந்தார். எங்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் பின்னால் நிற்பார். எதற்கு வரிசை என்று கேட்பது அநாகரிகம்! அடுத்து, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மா வந்து நின்றார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

“கொஞ்சம் நேரா நில்லுங்க, பின்னாடி ஆள் வராங்க” என்றேன் பணிவாக.

வந்தார்கள். இருபது நிமிடத்தில் வரிசை தெருமுனை வரை போய்விட்டது. மேற்கு வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை.

மிசஸ் தோர்ப் மூச்சிரைக்க ஓடிவந்தார். “இங்க வழி கிடையாது! எல்லாரும் அந்தப் பக்கம் வாங்க!”

ஒருவரும் அசையவில்லை. கிடைத்த இடத்தை விடுவதா?

“இவ்வளவு நேரம் நின்னுட்டு இப்போ போகணுமா?” என்றார் தாத்தா.

நான் தகவல் தாளைத் தாத்தாவிடம் நீட்டினேன். அவர் அதைப் படித்தார். மார்னியைப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை அத்தனை பேருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார்.

“அப்போ இந்தப் பொண்ணு எப்படிம்மா உள்ள போவா?” என்று தள்ளுவண்டி அம்மா கேட்டார். “நான்தான் எப்படிப் போறது?”

“கதவைத் திறங்க!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

மிசஸ் தோர்ப்பின் முகம் ரோஜாவின் நிறத்துக்கு மாறியது. அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். கதவு திறந்தது. நகர்த்தவே முடியாத அந்த அன்னம் ஒரு சக்கரப் பலகையில் நின்றிருந்தது! அதை ஓரமாகத் தள்ள அரை நிமிடம்கூட ஆகவில்லை. என் காது இன்னும் சூடானது.

மார்னிதான் முதலில் உள்ளே போனாள்.

“ஒரு நன்றி சொல்லக் கூடாதாம்மா?” என்றார் மிசஸ் தோர்ப்.

மார்னி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். “எதுக்கு? வாசல் வழியா வந்ததுக்கா?”

மிசஸ் தோர்ப் கதவருகே போனார். அதில் இருந்த காகிதத்தைத் தானே கிழித்தார்.

மார்னி நேராகத் தன் சூரியகாந்திகளிடம் போனாள். ஒரு பூவைப் பிடித்து நிமிர்த்தினாள். அது மறுபடி தொங்கியது.

“தண்ணியே ஊத்தலையா?” அவள் குரல் பேராலயம் முழுக்க எதிரொலித்தது. “மிசஸ் தோர்ப்! ஒரு வாளி தண்ணி!”

இந்த முறை மிசஸ் தோர்ப் மறுபேச்சுப் பேசாமல் ஓடினார்.